ஆரம்பப் பிரிவு விளையாட்டுக்கு நாங்கள் கட்டும் காசு எங்கே போகிறது?

மதி_வெள்ளவத்தை · திங்கள், இரவு 9.40

மகள் மூன்றாம் தரம், மகன் முதலாம் தரம், இரண்டு பேரும் ஒரே பாடசாலை. போன கிழமை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தல் வந்தது: இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைக்கு 3,500 ரூபா, இல்ல டீ-சேர்ட்டுக்கு வேறாக 1,800. எனக்கு அது இரண்டால் பெருக்கல், 10,600. கட்டிவிட்டேன். கட்டாத பிள்ளையின் பெயரைக் குழுவில் போடுகிறார்கள், யாருக்குத்தான் மனம் வரும்?

விடயம் அதுவல்ல. வியாழக்கிழமை மகளைப் பல் டொக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று கொஞ்சம் முந்திப் போனேன். அப்போது அவளுக்கு உடற்கல்விப் பாடம். சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்று 25 நிமிடம் பார்த்தேன். 42 பிள்ளைகள், நான்கு வரிசை, ஒரே ஒரு பந்து. முன்னுக்கு நிற்கிறவர் எறிவார், டீச்சர் பிடிப்பார், திருப்பி எறிவார், பிள்ளை பின்னால் போய் நிற்கும். என் மகளின் கையில் பந்து பட்டது இரண்டு தரம். மற்ற நேரம் முழுக்க முன்னால் நின்ற பிள்ளையின் பின்னலை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நின்றாள்.

டீச்சரிடம் மெல்லக் கேட்டேன். பாவம், அவர் கோபப்படவில்லை. கூட்டிக்கொண்டு போய் இரும்பு அலுமாரியைத் திறந்து காட்டினார். காற்றுப் போன வலைப்பந்து இரண்டு, வெடித்த வளையம் ஐந்தாறு, கயிறடிக்கிற கயிறு மூன்று (ஒன்றுக்குப் பிடி இல்லை), மூலையில் போன வருட இல்லக் கொடிகள் புத்தம் புதிதாக மடித்தபடி. முழு ஆரம்பப் பிரிவுக்கும் அவ்வளவுதான்.

இந்த 3,500 பந்துக்கா, பந்தலுக்கா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெமட்டகொடை_நானா · திங்கள், இரவு 10.15

பந்தலுக்குத்தான் தங்கச்சி. நான் வேறொரு பாடசாலையில் அபிவிருத்திச் சங்கச் செயற்குழுவில் மூன்று வருடம் இருந்தவன், கணக்கு பார்த்திருக்கிறேன்.

எங்களுக்குச் சொந்த மைதானம் இல்லை. கொழும்பில் பாதிப் பாடசாலைக்கு நிலைமை அதுதானே. மைதான வாடகை முதலாவது. பிறகு கூடாரம், கதிரை, ஒலிபெருக்கி, பிள்ளைகளை ஏற்றி இறக்க பஸ், கேடயம், பதக்கம், பிரதம விருந்தினருக்கு மாலையும் நினைவுச் சின்னமும், விருந்தினர் கூடாரத்துக்கு மட்டும் தனிச் சாப்பாடு. இதெல்லாம் கழித்து மிச்சம் வந்தால்தான் உபகரணம். மிச்சம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இல்லச் சோடினை வேறு. அது இந்தக் கணக்கிலேயே வராது. மூன்று இல்லமும் போட்டி போட்டுக்கொண்டு கோட்டை கட்டும், கப்பல் கட்டும். ரெஜிஃபோமும் தங்கக் கடதாசியும் வாங்க அந்தந்த இல்லப் பெற்றோரிடம் இன்னொரு வசூல். மறுநாள் காலையில் எல்லாம் மாநகர சபைக் குப்பை லொறியில்.

சுதா_பம்பலப்பிட்டி · திங்கள், இரவு 10.52

எல்லோரும் இல்லப் போட்டியைப் போட்டுத் தாக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது, அதற்கு முன் ஒரு சொல்.

என் தம்பி படிப்பில் எப்போதும் கடைசி வரிசை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் வரவில்லை. அவனுடைய பெயர் ஒலிபெருக்கியில் வந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தரம், நான்காம் தரத்தில் சாக்கோட்டத்தில் முதலாவதாக வந்தபோது. அப்பா அந்தச் சின்னக் கேடயத்தை இன்னும் டீவிக்கு மேலே வைத்திருக்கிறார். தம்பிக்கு இப்போது 31 வயது.

அந்த ஒரு நாளையும் வெட்டிவிடாதீர்கள். சோடினையை வெட்டுங்கள், அதற்கு நானும் கை தூக்குவேன்.

வகுப்பறை_4பி · செவ்வாய், காலை 5.20

அரச பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. எங்கே என்று சொல்லமாட்டேன்.

மதி அக்கா பார்த்த டீச்சர் நானாக இல்லாவிட்டாலும் நான் மாதிரித்தான். ஆரம்பப் பிரிவில் தமிழ், கணிதம், சுற்றாடல், அழகியல், உடற்கல்வி எல்லாம் வகுப்பாசிரியரின் தலையில். உடற்கல்விக்கென்று தனியாகப் படித்த ஆசிரியர் ஆறாம் தரத்திலிருந்துதான், சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்துக்கு. நான் கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்வி படித்தவள். குட்டிக்கரணம் போடுவதைக் கரும்பலகையில் படம் கீறி விளக்கலாம். சேலையோடு செய்து காட்ட முடியாது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே ஒரு தரம் தாவிக் காட்டப் போய்ச் சேலைத்தலைப்பு வலைப்பந்துக் கம்பத்தில் மாட்டி, 40 பிள்ளைகளும் இன்றுவரை அதைத்தான் கதைக்கிறார்கள்.

காசைப் பற்றிக் கேட்கும்போது நேரத்தைப் பற்றியும் கேளுங்கள். நான்காம் தரத்தின் இரண்டாம் தவணையிலிருந்து உடற்கல்விப் பாடத்தில் வினாத்தாள் செய்விக்கச் சொல்வது அதிபர் இல்லை, பெற்றோர். நான் பிள்ளைகளை வெளியே இறக்கினால் மதியத்துக்குள் யாராவது ஒரு அம்மா அழைப்பெடுத்து, 'டீச்சர், பரீட்சை வருகுதே, வெயிலில் ஓடினால் பிள்ளை களைத்துவிடும், பின்னேரம் டியூஷன் இருக்கு' என்பார். அலுமாரி நிறையப் பந்து வந்தாலும் அந்த அழைப்பு நிற்காது.

மதி_வெள்ளவத்தை · செவ்வாய், காலை 7.05

டீச்சர், சுருக்கென்று பட்டது. மூத்த அண்ணாவின் மகனுக்கு அப்படி அழைப்பெடுத்தவர்களில் எங்கள் அண்ணியும் ஒருவர்.

பழைய_பீரீ_மாஸ்டர் · செவ்வாய், மாலை 4.30

ஓய்வுபெற்று ஒன்பது வருடம். அதற்கு முன் 33 வருடம் விசில் ஊதியவன். கொழும்பிலும் ஊரிலும்.

அரசாங்கம் ஒன்றுமே தருவதில்லை என்று நினைக்காதீர்கள் பிள்ளைகள். 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது, தர உள்ளீட்டு நிதி. மாணவர் தொகையையும் பாடசாலையின் தேவையையும் பார்த்து வருடா வருடம் வரும். வெண்கட்டி, தாள், ஆய்வுகூடப் பொருள், நூலகப் புத்தகம், விளையாட்டுப் பொருள் எல்லாம் அந்த ஒரே பைக்குள் இருந்துதான். பட்டியல் போடுகிற கூட்டத்தில் யார் வாயைத் திறக்கிறாரோ அவருக்குப் பங்கு. இரண்டாம்நிலைப் பகுதிகளும் உள்ள பாடசாலை என்றால் உயர்தரமும் சாதாரண தரமும் முன்னுக்கு நிற்கும், ஆரம்பப் பிரிவு கடைசியில் வாய் பார்க்கும். நானே அந்தப் பாவத்தைச் செய்திருக்கிறேன். 15 வயதுக்குட்பட்ட கரப்பந்து அணிக்கு வலை வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். சின்னப் பிள்ளைகளுக்கு என்ன வாங்கினோம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சின்னப் பிள்ளை வலயப் போட்டியில் கிண்ணம் கொண்டுவராது, அதுதான் காரணம்.

மதி, நீங்கள் செய்யக்கூடியது: அடுத்த வருடப் பட்டியல் எப்போது போடுகிறார்கள் என்று பகுதித் தலைவரிடம் கேளுங்கள். அதற்கு முன் ஆரம்பப் பிரிவு டீச்சர்மார் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் போகவேண்டும். வாயால் சொன்னது கூட்டத்தில் நிற்காது.

பந்து இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால், கிளித்தட்டுக்கு வெண்கட்டி போதும். ஒரே நேரத்தில் 20 பிள்ளை ஓடும், வளையும், ஏமாற்றும். பழைய சீலைத்துண்டில் புளியங்கொட்டை போட்டுத் தைத்த பை எறிந்து பிடிக்கப் பந்தைவிட நல்லது, உருண்டு ஓடாது. எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்தார், இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் கிடைத்த முதல் தங்கம். யாழ்ப்பாணத்தில் அவர் பாயப் பழகிய காலத்தில் மெத்தை ஏது, மணலில்தான் விழுவார்கள்.

கொட்டாஞ்சேனை_கோச் · செவ்வாய், மாலை 6.10

மாஸ்டர், மரியாதையோடுதான் சொல்றேன், அந்த மணல் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் எங்களுக்கு ஒன்றும் கிடைக்காமல் போனது. 'எதிர்வீரசிங்கம் மணலில் பாய்ந்தார், நீயும் பாய்' என்று சொல்லிவிட்டால் அதிகாரிக்கு வேலை மிச்சம். அதோடு ஏழு வயதுப் பிள்ளைக்குப் பதக்கக் கதை எதற்கு? பந்தைப் பிடிக்கத் தெரியணும், ஒரு காலில் நிற்கத் தெரியணும், விழுந்தால் எழும்பத் தெரியணும், அவ்வளவுதான்.

நான் கிரிக்கெட் பழக்குகிறேன், மாதக் கட்டணம் வாங்கி. வருகிற பிள்ளைகள் எல்லாம் வான் வண்டியில் வந்து வான் வண்டியில் போகிறவர்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். ஒரு அறையும் குசினியுமாக ஏழு பேர் இருக்கும் வீடு, வாசலில் ஆட்டோ. விளையாட இடம் எங்கே? நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கிற ஒரே வெளி பாடசாலை முற்றம். பள்ளி விட்டதும் கேட்டைப் பூட்டி சங்கிலி போடுகிறார்கள்.

காசு காசு என்கிறீர்களே, பின்னேரம் இரண்டு மணித்தியாலம் அந்தக் கேட்டைத் திறந்துவிட எவ்வளவு செலவு? ஒரு காவலாளிக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு, அப்புறம் பொறுப்புக்கு ஒரு ஆள்.

பழைய_பீரீ_மாஸ்டர் · செவ்வாய், மாலை 6.45

தம்பி சொல்வது சரி. பதக்கக் கதையைத் திருப்பி எடுக்கிறேன். புளியங்கொட்டையை எடுக்கமாட்டேன்.

கேட்டைத் திறப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளை விழுந்து கையை முறித்தால் அதிபர்தான் பதில் சொல்லவேண்டும். அந்தப் பொறுப்பை எழுத்தில் யாராவது ஏற்றுக்கொள்ளும்வரை சங்கிலி கழலாது.

ஹரோ_ராணி · புதன், அதிகாலை 2.20

லண்டனில் இருந்து எழுதுகிறேன், இங்கே இன்னும் செவ்வாய் இரவுதான். வெள்ளவத்தையில் படித்து வளர்ந்தவள், இப்போது மகளின் ஆரம்பப் பள்ளியில் நிர்வாகக் குழுவில் பெற்றோர் சார்பில் இருக்கிறேன். இங்கிலாந்தில் எப்படி என்று சொல்கிறேன், பெருமைக்கு அல்ல.

2012 ஒலிம்பிக் முடிந்து அடுத்த வருடம், ஆரம்பப் பள்ளி உடற்கல்விக்கென்று தனியாக ஒரு நிதி தொடங்கினார்கள். 2017இல் அதை இரட்டித்து வருடம் 320 மில்லியன் பவுண் ஆக்கினார்கள், சீனிப் பானத்துக்குப் போட்ட வரியைக் காரணம் காட்டி. முதலாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புவரை 17 பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் பள்ளிக்கு 16,000 பவுண், அதற்கு மேல் தலைக்குப் 10 பவுண். 200 பிள்ளை என்றால் 18,000. கிராமத்துக் குட்டிப் பள்ளியும் கிட்டத்தட்ட அதே அடிப்படைத் தொகையை வாங்கும் என்பது எனக்குப் பிடித்த பகுதி.

பிடித்த இன்னொன்று: எதற்குச் செலவழிக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். கட்டடம், மைதானம் போன்ற மூலதன வேலைக்குக் கூடாது. ஆசிரியர் பாட ஆயத்தத்துக்குப் போகும் நேரத்தை நிரப்ப ஆள் பிடிக்கக் கூடாது. எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, என்ன பயன் என்று ஜூலை 31க்குள் பள்ளி தன் இணையத்தளத்தில் போடவேண்டும். ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் 25 மீற்றர் நீந்துகிறார்கள் என்பதையும் போடவேண்டும். நான் தூக்கம் வராத நாட்களில் அயல் பள்ளிகளின் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். ஒரு பள்ளி கயிறு வாங்கியதையும் எழுதியிருக்கும்.

குறையும் சொல்லவேண்டும். நிதியின் நோக்கம் வகுப்பாசிரியருக்குக் கற்பிக்கும் துணிவு வரச்செய்வது. நடந்தது பல இடங்களில் வேறு. கம்பனியிலிருந்து ட்ராக் சூட் போட்ட பையன் வருவான், பாடம் எடுப்பான், ஆசிரியர் ஓரத்தில் நின்று கொப்பி திருத்துவார். காசு நின்றால் பையனும் நிற்பான், ஆசிரியருக்குத் தெரிந்தது பழையபடிதான். அடுத்த வருடம் வருமா வராதா என்று கடைசி நேரம்வரை தெரியாமல் பள்ளிகள் தவித்ததும் உண்டு. 2023இல்தான் இரண்டு வருடத்துக்குச் சேர்த்து உறுதி சொன்னார்கள்.

வெள்ளவத்தையில் கடலுக்கு 100 யார் தூரத்தில் 18 வருடம் இருந்தேன். நீந்தத் தெரியாது. மகள்தான் இப்போது எனக்குப் பழக்குகிறாள்.

தெமட்டகொடை_நானா · புதன், காலை 8.30

ராணி, அந்தச் சீனி வரி எங்களிடமும் இருந்தது. 2016 ஓகஸ்டில் பானப் போத்தலில் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சைப் புள்ளி வந்தது, சிவப்பு என்றால் சீனி கூட. 2017 நவம்பரில் சீனி கிராமுக்கு 50 சதம் வரி போட்டார்கள். பிறகு அதைக் குறைத்தார்கள். வந்த காசு திறைசேரிக்குள் போய் மற்றக் காசோடு கலந்தது. ஒரு சதமாவது கயிறடிக்கிற கயிறானதா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இதில் பகிடி, போன வருட எங்கள் இல்லப் போட்டிக்கு அனுசரணை ஒரு குளிர்பானக் கம்பனி. பிள்ளை நூறு மீற்றர் ஓடி வந்ததும் கையில் சிவப்புப் புள்ளிப் போத்தலைத் திணித்தார்கள்.

ஹரோ_ராணி · புதன், பகல் 1.10

இங்கேயும் வரி நினைத்த அளவு வரவில்லை நானா. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வருமுன்பே கம்பனிகள் சீனியைக் குறைத்துவிட்டன. அது நல்லதுதானே. ஆனால் வரியோடு நிதியைக் கட்டினால் வரி குறையும்போது நிதிக்கு என்ன ஆகும் என்ற கேள்வி வரும்.

சுதா_பம்பலப்பிட்டி · புதன், மாலை 3.00

எங்களுக்கு 18,000 பவுண் வராது. அந்த இணையத்தளப் பக்கம் மட்டும் வந்தால் போதும். பாடசாலை வாசல் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்ட என்ன செலவு? வரவு இவ்வளவு, கூடாரம் இவ்வளவு, பந்து இவ்வளவு. 'பந்து: 0' என்று ஒரு வருடம் தொங்கினால் அடுத்த வருடம் யாருக்காவது வெட்கம் வரும்.

கொட்டாஞ்சேனை_கோச் · புதன், மாலை 3.20

வெட்கத்தை நம்பி நான் கடன்கூடக் கொடுக்கமாட்டேன் அக்கா. ஆனால் ஒட்டுங்கள்.

வகுப்பறை_4பி · புதன், இரவு 8.45

ராணி அக்கா சொன்ன ட்ராக் சூட் பையன் இங்கேயும் வரத் தொடங்கிவிட்டான், பெற்றோர் காசில். நான் கேட்பது வேறு. மாஸ்டர் மாதிரி ஒருவர் மாதம் ஒரு சனிக்கிழமை வந்து எங்கள் ஏழு பேருக்கும் பழக்கினால் போதும். 40 பிள்ளையை மூன்று பந்தோடு எப்படி ஒரே நேரத்தில் அசைய வைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வரிசையில் நிறுத்துவது ஏன் தெரியுமா? யாரும் விழமாட்டார்கள், அதிபர் மேல்மாடியிலிருந்து பார்த்தால் ஒழுங்காகத் தெரியும்.

பழைய_பீரீ_மாஸ்டர் · புதன், இரவு 9.05

வருகிறேன் பிள்ளை. பஸ் காசும் வேண்டாம், பிளேன்டீ ஒன்று போதும்.

இப்போதைக்கு ஒன்று: வரிசையை உடையுங்கள். ஆறு மூலை, மூலைக்கு ஏழு பிள்ளை. ஒன்றில் கயிறு, ஒன்றில் புளியங்கொட்டைப் பை, ஒன்றில் வெண்கட்டிக் கோட்டில் ஒற்றைக்கால் தாவல், ஒன்றில் சுவருக்குப் பந்தெறிதல், ஒன்றில் போத்தல் அடுக்கி ஓடுதல், கடைசியில் வளையத்துக்குள் பாய்தல். நான்கு நிமிடத்துக்கு ஒரு விசில், மூலை மாறுவார்கள். சத்தமாக இருக்கும். அதிபர் மேல்மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

மதி_வெள்ளவத்தை · மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 5.15

இழையைத் தூக்கி மேலே விடுகிறேன், கேட்டவர்களுக்காக.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். சுதா சொன்ன தாளைக் கேட்டேன். 'கணக்கு கணக்காய்வுக்குப் போகிறது, பயப்படாதீர்கள்' என்றார்கள். கணக்காய்வாளர் பார்ப்பது எனக்குத் தெரியும், நான் பார்க்க முடியுமா என்று திருப்பிக் கேட்டேன். பின்வரிசையில் ஒரு அப்பா கை தட்டினார், தனியாக. தாள் இன்னும் ஒட்டவில்லை.

இல்லச் சோடினையைப் பாதியாகக் குறைப்போம் என்றதும் சண்டை. பழைய மாணவர் ஒருவர் எழும்பி, 'எங்கள் இல்லத்தின் மானம்' என்றார். கடைசியில் ஆரம்பப் பிரிவுக்கு மட்டும் சோடினை இல்லை, அந்தக் காசில் பொருள் வாங்குவது என்று முடிவு. 12 பந்து, 20 கயிறு, 10 வளையம். அலுமாரிச் சாவி ஒன்று பகுதித் தலைவரிடம், இன்னொன்று வகுப்பாசிரியர்களிடம். சாவிக்குக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் போனது, பந்துக்குப் பத்து நிமிடம்.

பின்னேரக் கேட்டைப் பற்றிக் கேட்டேன் கோச் தம்பி. சிரித்தார்கள்.

கொட்டாஞ்சேனை_கோச் · ஞாயிறு, மாலை 5.40

அடுத்த கூட்டம் எப்போது அக்கா? நானும் வர முடியுமா, பிள்ளை இல்லாவிட்டாலும்?

மதி_வெள்ளவத்தை · ஞாயிறு, மாலை 5.52

பெற்றோருக்குத்தான் அனுமதி. என் மகனின் மாமா என்று சொல்லிக் கூட்டிப்போகிறேன்.

வகுப்பறை_4பி · ஞாயிறு, இரவு 7.30

மாஸ்டர் நேற்று எங்கள் பாடசாலைக்கு வந்தார். ஏழு டீச்சரில் ஐந்து பேர் நின்றோம், மற்ற இருவருக்கும் டியூஷன் வகுப்பு. ஆறு மூலையையும் எங்களை வைத்தே செய்வித்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நான் ஒற்றைக்கால் தாவலில் இரண்டாவது. மாஸ்டர், புளியங்கொட்டைப் பை 14 தைத்து முடிந்தது. இன்னும் 26 வேண்டும், யாராவது வீட்டில் கொட்டையை எறியாமல் சேர்த்துத் தாருங்கள். கழுவிக் காயவைத்துத் தாருங்கள், போன கிழமை ஒருவர் ஈரத்தோடு தந்து அலுமாரி முழுக்க எறும்பு.